கேஎல்ஐஏ டெர்மினல் 2-ல அம்மா அப்பாவ தனியா அனுப்பும்போது வழி சொல்லிக் குடுக்குறது எப்படி

ஊருக்குப் போற டிக்கெட்ட எடுத்துப் பாத்தீங்கன்னா கே.யூ.எல்.னு மூணு எழுத்து பெருசா போட்டிருக்கும். அத வச்சு எந்த கட்டடத்துக்குப் போகணும்னு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா கோலாலம்பூர் ஏர்போட் இருக்குற சிப்பாங்ல ரெண்டு டெர்மினல் இருக்கு, ரெண்டுக்கும் அதே மூணு எழுத்துதான். திருச்சிக்குப் போறோம், போன தடவ இங்கதான் வந்தோம், அதனால இந்த தடவையும் இங்கதான்னு நெனச்சு கெளம்பக் கூடாது. திருச்சிக்கு ஏர்ஏசியாவும் போகுது, பாத்திக் ஏரும் போகுது, ஏர்ஏசியா டெர்மினல் 2, பாத்திக் ஏர் டெர்மினல் 1. மலேசியா ஏர்லைன்ஸ், இண்டிகோ எல்லாம் டெர்மினல் 1 பக்கம்தான். டிக்கெட்ல டெர்மினல் நம்பர் தெளிவா தெரியலன்னா ஃப்ளைட் நம்பரோட முதல் ரெண்டு எழுத்த பாருங்க, ஏ.கே. (AK) இல்லன்னா டி7 (D7)-னு ஆரம்பிச்சா டெர்மினல் 2, ஓ.டி. (OD), எம்.எச். (MH), 6ஈ (6E)-னு ஆரம்பிச்சா டெர்மினல் 1. எஸ்.இசட்.பி.னு போட்டிருந்தா அது ரெண்டும் இல்ல, அது சுபாங் ஏர்போட், அதுக்கு சிப்பாங் வரைக்கும் போகவே கூடாது.

ஒருவேளை டெர்மினல் மாறி எறங்கிட்டீங்கன்னா பதறாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல ரயில் இருக்கு, மூணு நிமிஷம், ரெண்டு வெள்ளி (ரிங்கிட்), எக்ஸ்பிரஸோ டிரான்சிட்டோ எது முதல்ல வந்தாலும் ஏறலாம். ஃப்ரீ ஷட்டில் பஸ்ஸும் ஓடுது, ஆனா காத்திருக்குற நேரம், போற நேரம்னு பாத்தா ரயில்தான் நல்லது. கையில பெரிய பெட்டியும் கூட ஒரு வயசானவங்களும் இருக்கும்போது ரெண்டு வெள்ளிக்கு யோசிக்காதீங்க.

இனிமே நான் சொல்றது பெரும்பாலும் டெர்மினல் 2 பத்திதான், நம்ம ஆளுங்க அதிகமா சிரமப்படுற எடம் அதுதான். 2014 மே 2-ந்தேதி தெறந்தாங்க. அதுக்கு முன்னாடி எல்.சி.சி.டி.னு ஒரு மலிவுக் கட்டண டெர்மினல் இருந்துச்சு, நம்ம தாத்தா பாட்டிங்க நெறைய பேருக்கு மனசுல இன்னும் அதுதான் இருக்கு. கவுண்டர தாண்டி கொஞ்சம் நடந்தா வெயில்லயே பிளேன் நிக்கும், ஏணியில ஏறிப் போயிடலாம். அந்த ஞாபகத்துல வர்றவங்ககிட்ட "சீக்கிரம் உள்ள போயிடுங்க, தூரம் இருக்கு"ன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, "எவ்வளவு தூரம் இருக்கப் போவுது, அரை மணி நேரம் கழிச்சுப் போறேன்"னு உக்காந்துடுவாங்க. அதனால வீட்லயே சொல்லி வச்சிடுங்க, இது பெரிய கட்டடம், இமிக்ரேஷன் தாண்டுன பெறகுதான் நெசமான நடையே ஆரம்பிக்குதுன்னு.

மொதல்ல மூணு நம்பர் மனப்பாடமா இருக்கணும். லெவல் 3 போறதுக்கு, லெவல் 2 வர்றதுக்கு, லெவல் 1 பஸ்ஸுக்கும் கிராப் வாடகைக் காருக்கும். ரயில் ஸ்டேஷனும் லெவல் 2-லதான். நடுவுல 2எம், 1எம்-னு லிஃப்ட்ல பட்டன் இருக்கும், அதெல்லாம் பெரும்பாலும் கடைங்க இருக்குற மாடி, குழம்பிக்க வேணாம். இந்த ஏர்போட்ட ஒரு ஷாப்பிங் மாலோட ஒட்டித்தான் கட்டியிருக்காங்க, கேட்வேன்னு பேரு, அதனால ரயில்ல வந்தாலும் பஸ்ல வந்தாலும் கார் பார்க்ல வண்டிய போட்டுட்டு வந்தாலும் மால் வழியாத்தான் நடக்கணும், செருப்புக் கடை, பர்கர் கடை நடுவுல நடக்கும்போது வழி தப்பி வந்துட்டோமோன்னு பயப்படுவாங்க. தப்பல. மேல போர்டுல பெர்லெபாசான் (பொறப்பாடு)னு போட்டிருக்குறத பாத்துக்கிட்டே எஸ்கலேட்டர் இல்லன்னா லிஃப்ட்ல லெவல் 3-க்குப் போயிடுங்க.

நம்ம ஊர் பெரியவங்களுக்கு இங்கிலீஷ் வராட்டியும் மலாய் நல்லாவே வரும், அதனால போர்டுல மலாய்ல இருக்குறத சொல்லிக் குடுங்க. போகும்போது பெர்லெபாசான் அந்தாராபங்சா, திரும்பி வரும்போது கெதிபான், பெட்டி எடுக்குற எடம் துந்துத்தான் பகாசி, கேட்டுக்கு பிந்து. இந்த நாலும் தெரிஞ்சா யாரையும் கேக்காமலே பாதி வழி போயிடுவாங்க. தமிழ்நாட்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு இது உதவாது, அவங்களுக்கு பிளேன் படமும் அம்புக்குறியும்தான் தொணை, எல்லா போர்டுலயும் இங்கிலீஷும் இருக்கும்.

கார்ல கொண்டு போய் விடுறீங்கன்னா நேரா லெவல் 3 டிப்பார்ச்சர் பக்கம் எறக்கிடலாம், ஆனா அங்க வண்டிய நிறுத்தி வச்சு கட்டிப் புடிச்சு அழுதுக்கிட்டு நிக்க முடியாது. ரெண்டு வண்டியில பத்து பேர் வழியனுப்ப போறது நம்ம பழக்கம், அத தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு வண்டி பெரியவங்களையும் பெட்டியையும் கூட ஒரு ஆளையும் எறக்கிட்டுப் போகட்டும், மத்தவங்க பார்க்கிங்ல போட்டுட்டு மால் வழியா நடந்து வரட்டும். பார்க்கிங்ல தூண்ல இருக்குற எழுத்தையும் நம்பரையும் போன்ல ஒரு படம் எடுத்துக்குங்க. கட்டணம் கட்ட டச் அண்ட் கோ அட்டையில காசு இருக்கான்னு வீட்லயே பாத்துக்குங்க.

சரி, லெவல் 3 வந்தாச்சு. ஏர்ஏசியால மொதல்ல கியோஸ்க் மெஷின்ல செக்இன் பண்ணி பெட்டிக்கு ஒட்டுற டேக்க எடுக்கணும், இல்லன்னா வீட்லயே ஆப்ல செக்இன் முடிச்சுட்டு வரலாம், வீட்ல முடிக்கிறதுதான் என்னோட பரிந்துரை, ஏன்னா அங்க மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டு பாஸ்போட் நம்பர் அடிக்கும்போது பின்னாடி லைன்ல நிக்கிறவங்க மூஞ்சிய பாத்தே பதட்டம் வந்துடும். இந்தியா போறவங்களோட விசாவையும் பாப்பாங்க, இ-விசான்னா போன்ல இருந்தா போதும்னு விடாதீங்க, பேப்பர்ல எடுத்து பாஸ்போட்டுக்குள்ள வச்சுக் குடுங்க. பெட்டி போடுற கவுண்டர் ஃப்ளைட் கெளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிடும், அதுக்கப்புறம் கெஞ்சினாலும் நடக்காது. நான் எப்பவும் சொல்றது மூணு மணி நேரம் முன்னாடி. தீபாவளி பொங்கல் நேரத்துல, பள்ளிக்கூட லீவுல, இன்னும் கொஞ்சம் கூடவே வச்சுக்குங்க.

இந்த எடத்துல ஒரு விஷயம் யாரும் கவனிக்கிறதில்ல, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். பெட்டி கைப்பிடியில ஒரு நீளமான வெள்ள ஸ்டிக்கர் பேப்பர சுத்தி ஒட்டுவோம் இல்ல, அதுல பெருசா மூணு எழுத்து இருக்கும், திருச்சின்னா டி.ஆர்.இசட்., சென்னைன்னா எம்.ஏ.ஏ. பெல்ட்ல பெட்டி நகர்றதுக்கு முன்னாடி அந்த மூணு எழுத்தயும் அதுக்குக் கீழ இருக்குற பேரையும் ஒரு தடவ வாய் விட்டுப் படிங்க. ரெண்டு குடும்பம் சேந்து போகும்போது டேக் மாத்தி ஒட்டுறது சாதாரணமா நடக்கும். போன தடவ ஒட்டுன பழைய டேக்க பெட்டியிலேர்ந்து பிச்சு எடுத்துடுங்க, பாதி கிழிஞ்ச பழைய டேக் தொங்கிக்கிட்டு இருந்தா மெஷின் அத படிச்சுட வாய்ப்பிருக்கு. அப்புறம் கையில ஒரு சின்ன துண்டு குடுப்பாங்க, அதுல இருக்குற நம்பரும் டேக் நம்பரும் ஒண்ணுதான், பெட்டி வந்து சேரலன்னா அந்த துண்டு இல்லாம எதுவும் பண்ண முடியாது. அத பாஸ்போட் கவருக்குள்ள வைங்க, சட்டப் பையில வேணாம்.

மைலோ பாக்கெட், கோடாலித் தைலம், கைலின்னு அள்ளிக்கிட்டுப் போறது நம்ம வழக்கம், கூடவே அட்டப் பெட்டியில கயிறு கட்டி நாலு பக்கமும் மார்க்கர்ல பேர் எழுதி வச்சிருப்போம். கயிறு பெல்ட்ல மாட்டிக்கும்னு வேற கவுண்டருக்கு அனுப்பினா அங்க போய்க் குடுத்துடுங்க, சண்ட போட வேணாம். கைப்பை கணக்கு ஏர்ஏசியால ரெண்டு பையும் சேத்து 7 கிலோ, ஒவ்வொண்ணும் 7 கிலோ இல்ல. ஊறுகா, சம்பல், நெய், தேங்காண்ண இதெல்லாம் தண்ணி மாதிரிதான் கணக்கு, 100 மில்லிக்கு மேல உள்ள பாட்டில் கைப்பையில போகாது, பாதிதான் இருக்குன்னு சொன்னாலும் எடுக்க மாட்டாங்க, பாட்டிலோட அளவதான் பாப்பாங்க. பவர் பேங்க் அதுக்கு நேர் எதிர், பெட்டிக்குள்ள போடவே கூடாது, கைப்பையிலதான் இருக்கணும். அம்மா சாப்பிடுற மாத்திரையும் கைப்பையிலதான், அதப் பெட்டியில போட்டு அனுப்பாதீங்க.

சாப்பாடு மால்லயே முடிச்சுடுங்க. வெளிய கடை நெறைய இருக்கு, நம்ம சாப்பாடும் கெடைக்கும், உள்ள போன பெறகு கடை கொறைவு, வெலையும் அதிகம். வீட்லேர்ந்து புளிசாதம், இட்லி பொட்டலம் கொண்டு வந்தாலும் லெவல் 3-ல ஓரமா உக்காந்து சாப்பிட்டு முடிச்சுட்டு அனுப்புங்க, நல்லா சாப்பிட்டு, டாய்லெட் போயிட்டு, அப்புறம் உள்ள போறதுதான் வயசானவங்களுக்கு நல்லது. தண்ணி பாட்டில காலி பண்ணி வெறும் பாட்டிலா குடுத்து அனுப்புங்க. ஸ்கேன் ஒரு தடவையோட முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, கேட் பக்கம் போகும்போது மறுபடியும் பாப்பாங்க, அதனால உள்ள தண்ணி வாங்கினா கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே குடிச்சுட சொல்லுங்க.

வழியனுப்புறவங்க இமிக்ரேஷன் நுழைவாயில் வரைக்கும்தான் போகலாம். அதுக்கப்புறம் அவங்க தனியா. மலேசியா பாஸ்போட்னா ஆட்டோகேட், ஆனா தோட்டத்துல காலம் பூரா பால் வெட்டுன கைங்களுக்கு ரேகை சரியா பதியாது, மெஷின் ரெண்டு தடவ சிவப்பு காட்டுச்சுன்னா மூணாவது தடவ அழுத்திக்கிட்டு நிக்காம ஆபீசர் உக்காந்திருக்குற கவுண்டருக்கு போயிடணும்னு முன்னாடியே சொல்லி வைங்க. அதுல ஒண்ணும் பிரச்சன இல்ல, சாதாரணமா நடக்குறதுதான்.

இப்ப முக்கியமான கட்டம். கேட்டுங்களுக்கு எழுத்து இருக்கு, ஜே, கே, எல், பி (P), கியூ. ஜே, கே உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு, எல், பி, கியூ வெளிநாட்டுக்கு. இதுல எல் இந்தப் பக்கமே இருக்கு, ஆனா பி, கியூன்னு வந்தா எதிர்ல இருக்குற சேட்டலைட் கட்டடத்துக்குப் போகணும், அதுக்கு ஸ்கைபிரிட்ஜ்னு ஒரு உயரமான பாலம், கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா பாலத்துக்கு அடியில பிளேன் ஊர்ந்து போறது தெரியும், ரொம்ப நல்லாவே இருக்கும், பேரப் பிள்ளைங்க கூட போனா அங்க நின்னுடுவாங்க. ஆனா அந்தப் பாலத்தோட நடை முடியல, அந்தப் பக்கம் எறங்கி மறுபடியும் ரெண்டு பக்கமா நீளமா கேட்டுங்க போகும், கடைசி கேட்டுன்னா இன்னும் நல்லா நடக்கணும். முட்டி வலி இருக்குறவங்களுக்கு இமிக்ரேஷன்லேர்ந்து கியூ கடைசி வரைக்கும் போறது சாதாரண விஷயமே இல்ல. கேட் மூடுறதுக்கு முன்னாடி போய்ச் சேந்தா போதும்னு நெனைக்கவே கூடாது, போர்டிங் பாஸ்ல போட்டிருக்குற போர்டிங் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னாடியே அந்த நாற்காலியில உக்காந்திருக்கணும். டியூட்டி ஃப்ரீ பாக்க ஆசைன்னா கேட் எங்க இருக்குன்னு பாத்து வச்சுட்டு அப்புறம் பாக்கலாம். பி, கியூன்னா அந்தப் பக்கம் போன பெறகு திரும்பி வரவே வேணாம்.

இன்னொண்ணு, போர்டிங் பாஸ்ல அச்சடிச்ச கேட் மாறலாம். அதனால உள்ள போனதும் ஸ்கிரீன்ல ஒரு தடவ, பாலம் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கணும். ஸ்கிரீன்ல எழுத்து சின்னதா வேகமா மாறும், கண்ணு சரியா தெரியாதவங்க சீருடை போட்ட யார்கிட்டயாவது போர்டிங் பாஸ நீட்டி "பிந்து பெராப்பா?"ன்னு கேட்டா போதும், கைய காட்டி சொல்லிடுவாங்க. வெக்கப்பட வேணாம்னு சொல்லிக் குடுங்க, நம்ம அம்மாங்க நெறைய பேர் யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னே அரை மணி நேரம் தப்பான எடத்துல உக்காந்திருப்பாங்க.

அனுப்பும்போது வாயால நீளமா வழி சொல்லாதீங்க, ஒண்ணும் நெனவுல நிக்காது. ஒரு வெள்ள அட்டையில தமிழ்ல பெருசா எழுதிக் குடுங்க, ஃப்ளைட் நம்பர், போர்டிங் நேரம், கேட்டுக்கு நேரா எடத்த காலியா விட்டு எழுதிக்க ஒரு பென்சிலும் குடுங்க, அப்புறம் உங்க போன் நம்பர், அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக வர்றவங்க நம்பர். கெளம்புற நேரம் எழுதாதீங்க, அத எழுதினா அதுதான் மனசுல பதியும், போர்டிங் நேரம் மட்டும் இருக்கட்டும். ஏர்போட் வைஃபை ஃப்ரீதான், உள்ள உக்காந்ததும் வாட்ஸ்அப்ல கேட் நம்பர் போர்ட ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அத பாத்தா வெளிய இருக்குற நமக்கும் மனசு நிம்மதி.

நடக்கவே முடியாதவங்கன்னா வீல்சேர். அங்க போய் கேட்டுக்கலாம்னு விடாதீங்க, டிக்கெட் எடுக்கும்போதே போடுங்க, இல்லன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியாவது சொல்லிடுங்க. வீட்ல நல்லா நடக்குறாங்களேன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, வீட்டுக்குள்ள நடக்குறது வேற இந்த நடை வேற, அவங்களே "எனக்கு எதுக்கு அதெல்லாம்"னு சொன்னாலும் போட்டு வைங்க. வீல்சேர் எடுத்தா தள்ளிட்டுப் போறவரே இமிக்ரேஷன், ஸ்கேன், கேட் எல்லாம் தாண்டி கொண்டு போய் விட்டுடுவாரு, வழி தேடுற கவலையே இல்ல. என்னைக் கேட்டா எழுபது தாண்டின யாரையும் தனியா அனுப்பினா வீல்சேரோட அனுப்பணும்.

டெர்மினல் 1-னா சுருக்கமா சொல்றேன், போறது லெவல் 5, வர்றது லெவல் 3, பஸ் லெவல் 1. கேட் சி-ன்னு இருந்தா சேட்டலைட் கட்டடம், ஏரோட்ரெயின்ல போகணும், அது 2023 மார்ச்லேர்ந்து ஓடாம பஸ்தான் விட்டாங்க, 2025 ஜூலை 1-லேர்ந்து மறுபடியும் ஓடுது.

பினாங்குலேர்ந்தோ ஜோகூர்லேர்ந்தோ கேஎல் வந்து இந்தியா ஃப்ளைட் மாறுறவங்க ஒரே புக்கிங்ல எடுத்திருக்கீங்களான்னு பாருங்க. ஒரே புக்கிங், ஏர்ஏசியாவோட ஃப்ளை த்ரூன்னா பெட்டி நேரா ஊருக்குப் போயிடும், நீங்க டிரான்ஸ்ஃபர் போர்ட பாத்து நடந்தா போதும். தனித்தனியா எடுத்திருந்தா வெளிய வந்து, பெட்டிய எடுத்து, லெவல் 3 ஏறி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், அதுக்கு நாலு மணி நேரமாவது நடுவுல வேணும். ராத்திரி தங்கணும்னா மால்லயே லெவல் 1-ல கேப்ஸ்யூல் ஹோட்டல் இருக்கு, டியூன் ஹோட்டலும் நடந்து போற தூரம்தான். பினாங்கு ஆளுங்களுக்கு சென்னைன்னா இந்த அலைச்சலே வேணாம், 2024 டிசம்பர்ல இண்டிகோ பாயான் லெப்பாஸ்ல இருக்குற பினாங்கு ஏர்போட்லேர்ந்து நேரா விட ஆரம்பிச்சாங்க, அத மொதல்ல பாருங்க.

ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வர்றாங்கன்னா அவங்க ஏறுறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள எம்டிஏசி (MDAC)-ங்கிற மலேசியா வருகை ஃபாரத்த ஆன்லைன்ல நிரப்பியிருக்கணும், 2024 ஜனவரி 1-லேர்ந்து கட்டாயம். அது இலவசம். காசு கேக்குற வெப்சைட் ஏதாவது வந்தா அது அரசாங்கத்தோடது இல்ல, மூடிடுங்க. இந்தியா பாஸ்போட் வச்சிருக்குறவங்களுக்கு 2026 கடைசி வரைக்கும் 30 நாள் விசா தேவையில்ல, ஆனா ஆபீசர் எங்க தங்கப் போறீங்க, திரும்புற டிக்கெட் எங்கன்னு கேப்பாரு, உங்க வீட்டு அட்ரஸ இங்கிலீஷ்ல எழுதி ரிட்டர்ன் டிக்கெட்டோட கையில குடுத்து அனுப்பச் சொல்லுங்க. செடி, விதை, பழம் எதுவும் பெர்மிட் இல்லாம கொண்டு வர வேணாம், கருவேப்பில கன்னு ஆசையா எடுத்துட்டு வந்து கஸ்டம்ஸ்ல விட்டுட்டுப் போறதுக்கு அதுக்கு ஊர்லயே தண்ணி ஊத்தலாம்.

வந்து எறங்குனவங்களும் அதே பாலம், அதே நடை. பிளேன் எறங்கிடுச்சுன்னு ஆப்ல காட்டுன ஒடனே போன் பண்ணாதீங்க, நடந்து, இமிக்ரேஷன் லைன்ல நின்னு, பெட்டி எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகலாம். லெவல் 2-ல வெளிய வர்ற கதவுக்கு எதிர்லயே நில்லுங்க, மால்குள்ள ஒரு கடை பேர சொல்லி அங்க வான்னு புதுசா வர்றவங்ககிட்ட சொன்னா கண்டுபிடிக்க மாட்டாங்க.

வீட்டுக்குப் போக கிராப்னா லெவல் 1, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி கீழ எறங்கிடுங்க, லிஃப்ட்டுக்கு நிக்கிற நேரத்துல டிரைவர் கெளம்பிடுவாரு. கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் 33 நிமிஷம், 55 வெள்ளி, ஒரு ஆளுக்கு சரி, நாலு பேருன்னா கிராப்தான் லாபம். நேரம் இருந்தா லெவல் 1-லேர்ந்து பஸ், காசு ரொம்பக் கொறைவு, டிராஃபிக் இல்லன்னா ஒரு மணி நேரம். ஈப்போ, மலாக்கா, ஜோகூர் பாருவுக்கெல்லாம் அங்கேர்ந்தே நேரடி பஸ் இருக்கு, கேஎல் சென்ட்ரல் இருக்குற ப்ரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் போய் திரும்ப வேண்டாம். தெலுக் இந்தான், சித்தியவான் மாதிரி ஊருக்குப் போறவங்க எக்ஸ்பிரஸ்ல ஏறாதீங்க, அது நடுவுல நிக்காது, டிரான்சிட்ல ஏறி பண்டார் தாசேக் செலாத்தான்ல எறங்குங்க, ஸ்டேஷன்லேர்ந்து பாலத்துல நடந்தா டி.பி.எஸ். (TBS) பஸ் ஸ்டேஷன், பெட்டிய தள்ளிக்கிட்டே போயிடலாம்.